அந்த அம்மா ஏன் பஹாமாஸ் என்று பொய் சொன்னாள்?

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. மியாமியில் வளரும் ஒரு பெண்ணைப் பற்றிய இளையோர் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள். "நாங்கள் பஹாமாஸ்காரர்கள்" என்று சொல்லியே அவளை அம்மா வளர்த்திருக்கிறாள். பதினைந்து வயதில் ஒரு பழைய பாஸ்போர்ட் கையில் கிடைக்க, குடும்பம் வந்தது ஹைட்டியிலிருந்து என்று தெரிகிறது. "இதில் மறைக்க என்ன இருக்கு? அந்த அம்மாவை நம்பவே முடியல" என்கிறாள் மகள். எனக்கு ஹைட்டி என்றால் நிலநடுக்கம் மட்டும்தான் தெரியும். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

முதலில் உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள். அந்த அம்மா எந்த வருடம் அமெரிக்கா வந்தாள்? நாவலில் எங்காவது போகிறபோக்கில் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும் வயதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். ஹைட்டிக் குடும்பங்களைப் பற்றிய இந்த மாதிரிக் கதைகளில் பூட்டு எதுவாக இருந்தாலும் சாவி பெரும்பாலும் அந்த வருடம்தான். 1964-இல் கிளம்பியவள் மறைப்பது ஒன்று, 1981-இல் கிளம்பியவள் மறைப்பது வேறொன்று. வருடத்தைப் பார்க்காமல் படித்தால் அந்த அம்மா காரணமில்லாமல் முரண்டு பிடிப்பவளாகத்தான் தெரிவாள்.

கதை 2010-ஐ ஒட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வயதுப் பெண்ணின் அம்மா சிறுமியாக மியாமிக்கு வந்து எண்பதுகளில் அங்கே பள்ளிக்கூடம் போயிருப்பாள். அப்படியானால் பொய் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. அதுவும் "பஹாமாஸ்" என்ற குறிப்பிட்ட பொய். மியாமியில் பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்கள் ஆங்கிலம் பேசுகிறவர்கள், ஊரோடு கலந்துவிட்டவர்கள். ஹைட்டிப் பிள்ளை ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. எண்பதுகளில் மியாமிப் பள்ளிகளை ஆராய்ந்தவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்: ஹைட்டிப் பிள்ளைகள் தங்களை பஹாமாஸ்காரர்கள் என்றோ, அமெரிக்கக் கறுப்பினத்தவர் என்றோ சொல்லிக்கொண்டார்கள். வீட்டுமொழியைத் தெரு முனையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள், பிரெஞ்சுப் பெயர்களை ஆங்கிலப் பெயர்களாக்கிக்கொண்டார்கள். "ஹைட்டிக்காரி" என்பது அந்தப் பள்ளி வராந்தாக்களில் ஒரு வசைச்சொல்.

அது எப்படி வசைச்சொல் ஆனது? இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

ஒன்று படகுகள். எழுபதுகளின் கடைசியிலிருந்து ஹைட்டியின் ஏழைகள் ஓட்டை மரப்படகுகளில் ஃப்ளோரிடாவுக்கு வரத் தொடங்கினார்கள். 1980-இல் அதே கடலில் கியூபாவிலிருந்தும் மக்கள் திரள்திரளாக வந்தார்கள். கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து தப்பியவர்கள் என்பதால் கியூபர்களுக்குக் கதவு திறந்தது. ஹைட்டியர்களைப் பிழைப்பு தேடி வந்தவர்கள் என்று சொல்லி முகாம்களில் அடைத்தார்கள். 1981-இல் அதிபர் ரீகன் ஓர் ஆணை போட்டார். ஹைட்டிப் படகுகளைக் கரைக்கு வருமுன்பே கடலோரக் காவல் படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பும். அடுத்த பத்து ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அப்படி மறித்தார்கள். தஞ்சம் கோருவதற்காகக் கரைக்கு வர அனுமதி பெற்றவர்கள் மிகச் சொற்பம். அதே 1981 அக்டோபரில் ஃப்ளோரிடாவின் ஹில்ஸ்பரோ கடற்கரையை ஒட்டிப் படகு ஒன்று கவிழ்ந்து 33 பேர் இறந்தார்கள். உடல்கள் கரையில் ஒதுங்கிக் கிடந்த படங்கள் செய்திகளில் வந்தன. "படகில் வந்தவர்கள்" என்ற முத்திரை விமானத்தில் வந்தவர்கள் மேலும் சேர்ந்து விழுந்தது.

இரண்டாவது எய்ட்ஸ். மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் நாவல்கள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நோய் புதிதாக வந்து யாருக்கும் எதுவும் புரியாத காலம். 1983-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதிக ஆபத்துள்ள பிரிவினர் என்று ஒரு பட்டியல் போட்டது. ஆங்கில எழுத்து 'எச்'சில் தொடங்கும் நான்கு பிரிவுகள் என்று அதைப் பத்திரிகைகள் சுருக்கிப் பரப்பின: தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள், ஹெராயின் ஊசி போடுகிறவர்கள், ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயாளிகள், அப்புறம் ஹைட்டியர்கள். ஒரு நோய்ப் பட்டியலில் ஒரு நாட்டின் பெயர்! வேலை போனது, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, வகுப்பில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. 1985-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அப்படி எடுத்தது எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கும்?

அதோடும் முடியவில்லை. 1990 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஹைட்டியர் யாரும் ரத்ததானம் செய்யக்கூடாது என்று சொன்னது. பரிசோதனையில் ரத்தம் சுத்தம் என்று வந்தாலும் சரி, கிடையாது. அந்த ஏப்ரல் 20-ஆம் தேதி நியூயார்க்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புரூக்ளின் பாலத்தின் மேல் நடந்து ஊர்வலம் போனார்கள். வருடக் கடைசியில் தடை நீங்கியது. இதற்குப் பிறகு பிள்ளைகளிடம் மெல்ல ஒரு மாற்றம் வந்தது. 1997 கிராமி இசை விருது விழாவில் பாடகர் வைக்லிஃப் ழான் ஹைட்டிக் கொடியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றபோது அந்தக் கொடியை டீ-ஷர்ட்டில் போடுவது ஒரு ஸ்டைலாகவே ஆகிவிட்டது. நாவலின் அம்மா அதற்குள் பள்ளிக்கூடத்தை முடித்திருப்பாள். பெருமை அவளுக்குப் பத்து வருடம் தாமதமாக வந்தது. பொய்யையோ அதற்குள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

ஆக, "மறைக்க என்ன இருக்கு" என்று உங்கள் மகள் கேட்பது இன்றைய பிள்ளையின் கேள்வி. அந்த அம்மா மறைத்தது பாரம்பரியத்தை அல்ல, தன்னுடைய ஏழாம் வகுப்பை.

இனி பாட்டியிடம் வருவோம். இந்த நாவல்களில் பாட்டி இல்லாமல் இருக்காது. "கிரான்" என்று கூப்பிடுவார்கள். அவளுக்கும் ஒரு மௌனம் இருக்கும், ஆனால் வேறு வகை. 1957-இல் பிரான்சுவா டுவாலியே என்ற டாக்டர் அதிபரானார். "பாப்பா டாக்" என்று பெயர். 1971-இல் அவர் இறந்ததும் பத்தொன்பது வயது மகன் ழான்-குளோத் பதவிக்கு வந்து, 1986 பிப்ரவரியில் நாட்டை விட்டு ஓடும்வரை ஆண்டான். இருபத்தொன்பது வருடம் அப்பாவும் பிள்ளையும். இவர்களுடைய ரகசியப் படைக்கு மக்கள் வைத்த பெயர் "டோன்டோன் மாக்கூட்". டோன்டோன் என்றால் மாமா, மாக்கூட் என்றால் தோளில் தொங்கும் பை. சொல்பேச்சு கேட்காத பிள்ளைகளைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவான் என்று தாய்மார்கள் மிரட்டுகிற ஆசாமி, நம் பிள்ளைபிடிக்காரன் மாதிரி. அந்தப் பூச்சாண்டி நிஜமாகவே கறுப்புக் கண்ணாடியும் நீல உடுப்புமாகத் தெருவில் வந்து நின்றான், ஆட்களைத் தூக்கிக்கொண்டும் போனான். யார் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாது. சமையல்காரி, பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படிக்கிறவன், யாராகவும் இருக்கலாம். 1964 நவம்பரில் தலைநகர் போர்-ஓ-பிரான்ஸில், கிளர்ச்சிக் குழுவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்களைக் கல்லறைச் சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டபோது பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து பார்க்க வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு சிறுமிதான் இன்றைய நாவலின் பாட்டி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் பேசியது வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று வளர்ந்தவள் அவள். மியாமிக்கு வந்து நாற்பது வருடம் ஆனாலும் சுவருக்குக் காது உண்டு என்ற நினைப்பு போகாது. பேத்தி கேட்டால் "அதெல்லாம் எதுக்கு, சாப்பிடு" என்பாள். இதைப் பாட்டியின் பாசம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும்.

அறுபதுகளில் கிளம்பியவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்: டாக்டர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள். நியூயார்க், மான்ட்ரியல், அப்போதுதான் விடுதலை அடைந்த காங்கோ என்று பல பக்கமும் போனார்கள். இந்தக் குடும்பங்களுக்கும் எண்பதுகளில் படகில் வந்த குடும்பங்களுக்கும் இடையே நல்ல விரிசல் உண்டு. நல்ல நாவலாசிரியர்கள் அதை விடமாட்டார்கள். ஒரு அத்தை பிரெஞ்சில் பேசி இன்னொரு அத்தையை வாயடைக்கிற காட்சி வந்தால் அங்கே நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஹைட்டியில் எல்லாருக்கும் தாய்மொழி க்ரெயோல். பிரெஞ்சு சரளமாகப் பேசுகிறவர்கள் சிறுபான்மை. ஆனாலும் பள்ளி, நீதிமன்றம், அரசாங்கம் எல்லாம் வெகுகாலம் பிரெஞ்சில் மட்டுமே நடந்தன. வகுப்பில் க்ரெயோல் வாயில் வந்தால் அடி விழும். க்ரெயோலுக்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்ததே 1987 அரசியல் சட்டத்தில்தான். அதைக் கொச்சை பிரெஞ்சு என்று சொல்கிறவர்கள் ஹைட்டியர்களிலேயே இருக்கிறார்கள். உண்மையில் அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது. பிரெஞ்சில் வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் தக்கபடி மாறிக்கொண்டே போகும். க்ரெயோலில் வினை அசையாது. "மான்ஜே" என்றால் சாப்பிடுவது. முன்னால் "தெ" வைத்தால் இறந்தகாலம், "ஆப்" வைத்தால் நடந்துகொண்டிருப்பது, "ப்ரால்" வைத்தால் நடக்கப்போவது. அவ்வளவுதான். சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. வாக்கியம் நடக்கிற நடையில் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் சாயல் தெரியும்.

நாவலில் பெண் கற்றுக்கொள்ளும் முதல் க்ரெயோல் வாக்கியம் அநேகமாக "சாக் பாஸே?" (என்ன சேதி?) என்பதாக இருக்கும். அதற்குப் பதில் "நாப் பூலே", அதாவது "எரிந்துகொண்டிருக்கிறோம்". நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். எழுத்தாளர்களுக்கு இதில் ஒரு மோகம், எல்லாப் புத்தகத்திலும் வந்துவிடும். எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு. வெளிநாட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் "லோட் போ த்லோ", தண்ணீருக்கு அந்தப் பக்கம். படகில் போனவர்களை நினைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று "ஜாஸ்போரா". அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்பி வருகிறவளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கையில் காசு உள்ளவள், பேச்சு கொஞ்சம் கோணல், நம்மவள்தான் ஆனால் நம்மவள் இல்லை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். வேரைத் தேடி விமானம் ஏறிய பெண் இறங்கியதும் காதில் விழுவது அந்தச் சொல்தான்.

அடுத்தது மதம். பாட்டியின் அலமாரியில் ஒரு துறவியின் படமும் மெழுகுவர்த்தியும் இருக்கும், அம்மா அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது வோடூ. ஹாலிவுட் சொன்ன ஊசி குத்தும் பொம்மையை மறந்துவிடச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவின் ஃபோன் இன மக்கள், காங்கோ இன மக்கள் ஆகியோரின் வழிபாடும் கத்தோலிக்கமும் அடிமைத் தோட்டங்களில் கலந்து உருவான சமயம் அது. தெய்வங்களை "ல்வா" என்பார்கள். வாசலையும் முச்சந்தியையும் காப்பவர் லெக்பா. எந்தப் பூசையும் முதலில் அவரைக் கூப்பிட்டுத்தான் தொடங்கும். கையில் சாவி வைத்திருக்கும் புனித பேதுருவின் படத்தில் அவரைக் கண்டுகொள்வார்கள். வெளியே பார்த்தால் தேவாலயத்துப் படம், உள்ளே லெக்பா. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியைப் பிடித்து வைத்திருந்தது. அங்கே போய் வந்தவர்கள் எழுதிய பயங்கரக் கதைகளிலிருந்துதான் 1932-இல் ஹாலிவுட்டின் முதல் சோம்பி (நடைப்பிணம்) படம் பிறந்தது. ஹைட்டியில் சோம்பி என்பது யாரையும் கடிக்கிற பிசாசு அல்ல. செத்த பிறகும் ஓய்வில்லாமல் இன்னொருவனுக்கு உழைக்க எழுப்பப்பட்டவன். அடிமைகளாக இருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்?

1940களின் தொடக்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபையே கோயில்களை இடித்து, மேளங்களை எரித்து ஓர் இயக்கம் நடத்தியது. அரசாங்கம் வோடூவை ஒரு மதமாக அங்கீகரித்தது 2003-இல். இன்று பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் இருக்கும் ஹைட்டியர்கள் பலர் அதைச் சாத்தான் வேலை என்றே நினைக்கிறார்கள். 2010 ஜனவரி 12 நிலநடுக்கம் நடந்த மறுநாளே அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மதபோதகர், ஹைட்டியர்கள் பிசாசோடு ஒப்பந்தம் போட்டதால் வந்த வினை என்றார். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த அம்மா அலமாரியைப் பூட்டி வைக்காமல் என்ன செய்வாள்?

1804 விடுதலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாவலே சொல்லிவிடும். கொஞ்சம் அதிகமாகவே சொல்லும். அந்த இடத்தில் எழுத்தாளர்கள் கதையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துவார்கள், எனக்குக் கொட்டாவி வரும். 1791-இல், பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டியில் அடிமைகள் எழுந்தார்கள், நெப்போலியனின் படையைத் தோற்கடித்தார்கள், 1804 ஜனவரி 1 அன்று அவர்களின் தலைவர் டெஸ்ஸலின் விடுதலையை அறிவித்தார். நாவல்கள் அதிகம் சொல்லாதது அதற்குப் பின் வந்த பில். 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. பிற்பாடு அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். தங்களையே தாங்கள் விலைக்கு வாங்கிய கணக்கு அது. கட்டப் பணமில்லாமல் பிரெஞ்சு வங்கிகளிடமே கடன் வாங்கினார்கள், அந்தக் கடன்களின் வால் 1947 வரை நீண்டது. "ஹைட்டி ஏன் ஏழை நாடு?" என்று மகள் கேட்டால் இதிலிருந்து தொடங்குங்கள்.

ஜனவரி 1 என்றதும் சூப் ஞாபகம் வருகிறது. "சூப் ஜுமு", மஞ்சள் பூசணியில் மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், கேரட், நூடுல்ஸ் எல்லாம் போட்டுக் கொதிக்க வைப்பது. அடிமைக் காலத்தில் முதலாளிகளுக்காக அதைச் சமைத்தவர்கள் அதைச் சாப்பிடக்கூடாது என்றிருந்ததாகச் சொல்வார்கள். விடுதலை நாளில் எல்லாரும் குடித்தார்களாம். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது, ஹைட்டிக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த முதல் இடம். உங்கள் மகளின் நாவலில் புத்தாண்டுக் காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கென்னவோ, பஹாமாஸ் என்று சாதித்த வீட்டிலும் ஜனவரி முதல் தேதி பூசணி வாங்கி வந்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. பெயரை மாற்றிவிடலாம், நாக்கை மாற்றுவது லேசில்லை.

இந்த வகை நாவல்களில் எனக்குக் குறைகளும் உண்டு. பழமொழிக் களஞ்சியமாக ஒரு பாட்டி, தேவைப்பட்ட நேரத்தில் கனவில் வந்து வழிகாட்டும் ல்வா, கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாகித் திரும்பும் பெண். ஊரில் அவளுக்குச் சோறு போடும் வீட்டில் ஒரு "ரெஸ்டவெக்" இருப்பாள், பெற்றோர் வளர்க்க வழியில்லாமல் இன்னொரு வீட்டுக்கு அனுப்பிய, சம்பளமில்லாமல் வேலை செய்யும் சிறுமி. கதாநாயகி வயதுதான் இருக்கும். பல நாவல்கள் அவளைத் தாண்டிப் போய்விடுகின்றன. அவளிடம் ஒரு நிமிஷம் நிற்கிற நாவல் என்றால் எழுதியவருக்கு அந்த ஊர் தெரியும் என்று நம்பலாம்.

இதை முடித்ததும் மகள் இன்னொன்று கேட்டால், இபி ஸோபோய் 2017-இல் எழுதிய 'அமெரிக்கன் ஸ்ட்ரீட்' இருக்கிறது. அவர் போர்-ஓ-பிரான்ஸில் பிறந்தவர். கதையில் ஹைட்டியிலிருந்து வரும் பெண் டெட்ராய்ட்டில் உறவினர் வீட்டில் தங்க, அம்மாவைக் குடியேற்ற அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். தெருமுனையில் நிற்கும் கிழவரிடம் அவள் லெக்பாவைப் பார்க்கிறாள். வன்முறை இருக்கிறது, முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். உங்களுக்கு என்றால் எட்விஜ் டான்டிகா 1998-இல் எழுதிய 'தி ஃபார்மிங் ஆஃப் போன்ஸ்'. 1937-இல் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசின் எல்லையில் நடந்த படுகொலை பற்றியது. அந்நாட்டுச் சர்வாதிகாரி ட்ரூஹியோவின் சிப்பாய்கள் ஒரு பார்ஸ்லி கீரைக் கொத்தைக் காட்டி அதன் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என்பார்கள். "பெரெஹீல்" என்பதில் ரகரம் சரியாக வராதவர்கள் ஹைட்டியர்கள். ஆயிரக்கணக்கானவர்களை வெட்டுக்கத்தியால் கொன்றார்கள்.

கடைசியாக, அந்தப் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்று ஒரு வரி இருக்கும். நாவலில் ஊர்ப்பெயர் வருகிறதா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். வனமெந்த் என்றிருந்தால் அது எல்லை ஊர், 1937 அந்தக் குடும்பத்துக்குள் இருக்க வாய்ப்புண்டு. ஜெரமி என்றால் 1964-இல் டுவாலியேவின் ஆட்கள் குழந்தைகள் உட்படக் குடும்பம் குடும்பமாகக் கொன்ற ஊர். போர்-தெ-பே என்றால் வடமேற்குக் கரை, படகுகள் கிளம்பிய பக்கம்.